பழனிக்கு நடந்து போறவங்க ராத்திரி ரோட்டுல கவனிக்க வேண்டியது

தை பொறந்துட்டா எங்க பக்கம் பாதி ஊரு ரோட்டுல தான் இருக்கும். பொன்னமராவதி, சிங்கம்புணரி, திருப்பத்தூர், காரைக்குடி, தேவகோட்டைன்னு எங்க இருந்து கிளம்புனாலும் கடைசில நத்தத்துல வந்து சேர்ந்துருவோம், அங்க இருந்து கோபால்பட்டி, சாணார்பட்டி, திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், அப்புறம் பழனி. மாலை போட்டு விரதம் இருக்கறது, என்ன சாப்புடணும், காலுக்கு என்ன எண்ணெய் தடவணும்னு சொல்லித்தர எல்லா ஊர்லயும் ஒரு குருசாமி இருக்காரு. ரோட்டுல எப்படி நடக்கணும்னு மட்டும் யாரும் உக்கார வச்சு சொல்லித்தர்றதில்ல. முருகன் பாத்துப்பான்னு தான் சொல்றாங்க. எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு, ஆனா அவன் பாத்துக்கறதுக்கு நாம ஒரு ரேடியம் ஸ்டிக்கராவது ஒட்டிக்கிட்டு போகணும்.

எங்க குழுவுல கொஞ்ச வருஷமா நான் தான் கடைசி ஆள். அதாவது எல்லாருக்கும் பின்னாடி சிவப்பு லைட்ட பிடிச்சுக்கிட்டு வர்றவன், எனக்குப் பின்னாடி நம்ம ஆளு யாரும் இருக்கக் கூடாது, அது தான் வேலை. முன்னாடி போறவங்களுக்கு தெரியாத நிறைய விஷயம் கடைசில வர்றவனுக்கு தெரியும். யாரு தள்ளாடுறாங்க, யாரு வெள்ளக் கோட்டத் தாண்டி தார் ரோட்டுக்குள்ள போறாங்க, பின்னாடி வர்ற வண்டி எந்த இடத்துல நம்மள பாத்து ஒதுங்குது, எந்த வண்டி கடைசி வரைக்கும் பாக்காமலே போகுது, எல்லாம் தெரியும். இத எழுதுறதுக்கு காரணமும் அது தான், கடைசில சொன்னத தான் சொல்றேன், பாக்காமலே போற வண்டிங்க நாம நினைக்கறத விட ரொம்ப அதிகம்.

நமக்கு என்ன தோணுதுன்னா, அவ்வளவு பெரிய லைட்ட போட்டுக்கிட்டு வர்றான், நமக்கு அவன் அரை கிலோமீட்டர்லயே தெரியறான், அப்ப அவனுக்கும் நம்மள தெரியும்னு தோணும். தெரியாது. டிம் லைட் போட்ட காருக்கு ரோட்டுல 40, 50 மீட்டர் வரைக்கும் தான் வெளிச்சம் சரியா விழும். அதுலயும் கரும்பச்சை வேட்டி, கரும்பச்சை சேலை கட்டிக்கிட்டு போனா இன்னும் கிட்ட வந்தா தான் ஆளுன்னே தெரியும், பழனிக்கு நம்ம ஆளுங்க பாதிப் பேரு கட்டுறது அந்த பச்சை தான். இப்ப கணக்கு பாருங்க. 80 கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டி ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் ஓடும். டிரைவர் பாத்து, ஆளுன்னு புரிஞ்சு, கால பிரேக்குக்கு கொண்டு போறதுக்குள்ள ஒண்ணரை செகண்டு போயிரும், அதுலயே 33 மீட்டர். அதுக்கப்புறம் பிரேக் பிடிச்சு நிக்கறதுக்கு இன்னொரு 35 மீட்டருக்கு மேல வேணும். மொத்தம் கிட்டத்தட்ட 70 மீட்டர். வெளிச்சமோ 50 மீட்டர். அப்ப அந்த டிரைவர் குடிக்கல, தூங்கல, நல்ல மனுஷன்னே வச்சுக்குங்க, அவனாலயும் நிறுத்த முடியாது. இத எங்க குழுவுல மாலை போடுற அன்னைக்கே சொல்லிருவேன், சின்னப் பசங்களுக்கு கூட இது ஒரு தடவ சொன்னா புரியுது.

அதனால முதல் வேலை ரேடியம் ஸ்டிக்கர். பைக்குக்கு ஸ்டிக்கர் ஒட்டுற கடையில மீட்டர் கணக்குல வெட்டித் தருவாங்க, பெரிய செலவு இல்ல. எங்க ஒட்டணும்ங்கறது தான் முக்கியம். எல்லாரும் முதுகுல மாட்டுன பையில ஒண்ணு ஒட்டிட்டு முடிஞ்சதுன்னு விட்டுருவாங்க. பையில ஒட்டுனது அசையாம ஒரு புள்ளியா தெரியும், தூரத்துல இருந்து பாக்கறவனுக்கு அது கிலோமீட்டர் கல்லா, நிக்கற வண்டியான்னு புரியாது. கணுக்கால்ல ஒரு பட்டை சுத்துனா நடக்க நடக்க அது மேலயும் கீழயும் ஆடும், மாறி மாறி ஆடுற ரெண்டு வெளிச்சத்த பாத்த உடனே யாரோ நடந்து போறாங்கன்னு டிரைவருக்கு பளிச்சுன்னு புரிஞ்சுரும். கணுக்கால், மணிக்கட்டு, முதுகு, இந்த மூணும் இருந்தா போதும். துணியில நேரா ஒட்டுனா வியர்வைக்கு உரிஞ்சு வந்துரும், ஒரு பழைய துணிப்பட்டையில தச்சு கால்ல கட்டிக்கிட்டா பழனி வரைக்கும் வரும். போலீஸ்காரங்களும் வழியில ஸ்டிக்கர், ஒளிரும் குச்சி எல்லாம் குடுப்பாங்க, வாங்கிக்குங்க, ஆனா அத நம்பி வெறும் கையோட வீட்ட விட்டு கிளம்பாதீங்க, அவங்க நிக்கற இடத்துக்கு நீங்க பகல்ல போய் சேரலாம், கூட்டத்துல உங்களுக்கு கிடைக்காமலும் போகலாம்.

ஸ்டிக்கர் தானா எரியாது, லைட் பட்டா தான் மின்னும். லைட் போடாம வர்ற டிராக்டரும் மொபெட்டும் எங்க பக்கத்து ரோட்டுல ஏராளம். அதுக்கு தான் கடைசி ஆள் கையில சிவப்பு லைட்டு, சைக்கிளுக்கு பின்னாடி மாட்டுற மினுக்கு லைட்டே போதும். முன்னாடி போறவர் கையில டார்ச், அத கால் கிட்ட தரையப் பாத்து அடிக்கணும். எதிர்ல வர்ற டிரைவர் கண்ணுல அடிச்சு மிரட்டுறவங்கள பாத்துருக்கேன், அவனுக்கு கண்ணு கூசுனா முதல்ல ஆபத்து நமக்கு தான்.

அடுத்தது, எல்லாரும் ஏன் தார் ரோட்டுலயே நடக்கறாங்கங்கறது. கார்ல போறவங்க கேக்கறாங்க, அவ்வளவு மண் ஓரம் கிடக்குதே, இவங்க ஏன் ரோட்டுல ஏறி வர்றாங்கன்னு கோவப்படுறாங்க. செருப்பில்லாம நடந்து பாத்தா தெரியும். ஓரத்துல ஜல்லி, உடைஞ்ச பாட்டில், கருவேல முள்ளு, நெருஞ்சி. ரெண்டாவது நாள்ல கால்ல கொப்புளம் வந்துட்டா ஒரு சின்ன கல்லு குத்துனாலும் உயிர் போயிரும். பகல்ல பதினொரு மணிக்கு மேல தார் கொதிக்கும், அப்ப ஓரத்துல இருக்கற வெள்ளக் கோடு மட்டும் கொஞ்சம் சூடு கம்மி, அதனால எல்லாரும் வரிசையா அந்த கோட்டு மேலயே போவாங்க, அது தான் வண்டி சக்கரம் வர்ற இடம். இது யாரும் திமிருக்கு பண்றதில்ல, கால் வலி தான் நம்மள ரோட்டுக்குள்ள இழுக்குது. அப்ப ரோட்டு பாதுகாப்பு காலுல இருந்து தான் ஆரம்பிக்குது. நேர்ச்சை செருப்பு போடக் கூடாதுன்னு தான இருக்கு, தடிமனான சாக்ஸ் போட்டுக்கிட்டு நடக்கறவங்க நிறைய பேரு இருக்காங்க, நானும் போடுறேன், அதனால ஓரத்துல இறங்கி நடக்க முடியுது. கொப்புளம் வர்ற மாதிரி காந்தல் எடுத்த உடனே நின்னு பிளாஸ்டர் ஒட்டிருங்க, அப்புறம் பாத்துக்கலாம்னு நடந்தா சாயங்காலத்துக்குள்ள வெள்ளக் கோட்டுக்கு வந்துருவீங்க. பதினொரு மணியில இருந்து மூணு மணி வரைக்கும் எங்க குழு நடக்கறதே இல்ல, மண்டபமோ தோப்போ பாத்து படுத்துருவோம்.

எந்தப் பக்கம் நடக்கறது? நம்ம நாட்டுல வண்டி இடது பக்கம் போகுது, நடைபாதை இல்லாத ரோட்டுல நடக்கறவங்க வலது பக்கம், அதாவது வண்டி எதிர்ல வர்ற பக்கம் நடக்கணும், அப்ப தான் நம்ம பக்கத்துல வர்ற வண்டி கண்ணுக்கு தெரியும், ஒதுங்க ஒரு செகண்டாவது கிடைக்கும். ஆனா பாதயாத்திரையில காலங்காலமா இடது பக்கம் தான், முன்னாடி போற குழு இடதுல போகும், பின்னாடி வர்றவங்களும் இடதுலயே போவாங்க, வண்டி எல்லாம் முதுகுக்கு பின்னாடி வரும். எங்க குழு ரெண்டு வண்டி மட்டும் போற அகலத்துல இருக்கற ரோட்டுல ராத்திரி வலது பக்கத்துக்கு மாறிடுச்சு. முதல் வருஷம் பெரியவங்க ஒத்துக்கல, எதிர் வெளிச்சம் கண்ணுல அடிக்குதுன்னாங்க, அது உண்மை தான். வண்டி வர்றப்போ நேரா லைட்ட பாக்காம தலைய குனிஞ்சு ரோட்டு விளிம்ப பாத்து நடக்கச் சொன்னோம், கொஞ்ச தூரத்துல பழகிருச்சு.

வலது பக்கமே எல்லா இடத்துக்கும் சரின்னு சொல்ல மாட்டேன். பெரிய கூட்டம் மொத்தமா இடதுல போகுது, போலீஸ் கயிறு கட்டி இடதுல விடுறாங்கன்னா கூட்டத்தோட தான் போகணும், தனியா எதிர்ப்பக்கம் போறது நல்லதில்ல. ரோடு வலது பக்கமா வளையற இடத்துல வலது ஓரத்துல இருந்தா கருவேலம் மறைச்சு எதிர்ல வர்றவனுக்கு நம்மள தெரியாது. அந்த இடத்துல தனியா போறவர் முன்னாடியே மறுபக்கம் மாறிக்கலாம், இருபது முப்பது பேர் இருக்கற குழுவ ராத்திரில குறுக்கால கொண்டு போய் திரும்பவும் கொண்டு வர்றது அத விட ஆபத்து, அதனால நாங்க ஒரு ஆள டார்ச்சோட வளைவுக்கு முன்னாடி அனுப்பி நிறுத்திட்டு வரிசைய ஒத்தையாக்கி விடுவோம். நாலு வழிச் சாலையில இன்னொரு தொல்லை, ஓரத்துலயே பைக்காரங்க ராங் சைடுல வருவாங்க, நீங்க எந்தப் பக்கம் நடந்தாலும் முதுகுப் பக்கம் காது இருக்கணும். அதனால தான் ஹெட்போன் வேண்டாங்கறேன். பாட்டு வேணும்னா ஒருத்தர் ஸ்பீக்கர்ல சின்ன சத்தமா போடட்டும், மத்தவங்க காது ரோட்டுக்கு. அந்த மாதிரி ரோட்ட கடக்கணும்னா சப்வே இருந்தா கொஞ்சம் சுத்தினாலும் அதுல தான் போகணும், இல்லாட்டி நடுத்திட்டு வரைக்கும் ஒரு தடவ, அங்க நின்னு எல்லாரும் வந்தாச்சான்னு பாத்துட்டு மறு பாதி ஒரு தடவ. பாதி குழு அந்தப் பக்கம் போனதும் மீதிப் பேரு பதறி ஓடுவாங்க பாருங்க, அந்த ஓட்டம் தான் ரொம்ப பயம். முன்னாடி போனவங்க திரும்பிப் பாத்து "சாமி, அங்கயே நில்லுங்க"ன்னு கத்தணும்.

வண்டிய பாக்கறோம், வண்டியில இருந்து வெளிய நீட்டிக்கிட்டு இருக்கறத பாக்கறதில்ல. தை மாசம் கரும்பு லோடு, வைக்கோல் லோடு ஓடுற காலம். வைக்கோல் லாரி ரெண்டு பக்கமும் பிதுங்கிக்கிட்டு வரும், லைட்டு ரெண்டு மட்டும் பாத்தா சின்ன வண்டி மாதிரி இருக்கும். நத்தம் தாண்டி ஒரு தடவ எங்க குழுவுல ஒரு அப்பத்தாவ வைக்கோல் உரசி கீழ தள்ளிருச்சு, நல்ல வேளை மண்ணுப் பக்கம் விழுந்தாங்க, முழங்கைல சிராய்ப்போட போச்சு. லாரி நிக்கல, அவனுக்கு தெரிஞ்சிருக்கவே வாய்ப்பில்ல. அதுல இருந்து லாரி சத்தம் கேட்டா கடைசில இருந்து "லோடு லோடு"ன்னு குரல் குடுப்பேன், எல்லாரும் தார விட்டு ரெண்டு அடி இறங்கி நின்னுருவாங்க, போன பிறகு தான் நடை. பஸ்ஸோட சைடு கண்ணாடியும் அப்படி தான், ஆளோட தலை உயரத்துல வரும். காவடி தூக்கிட்டு வர்றவருக்கு தன்னோட அகலம் தெரியாது, அவருக்கு ரோட்டுப் பக்கமா ஒரு ஆள் கூடவே நடக்கணும்.

சின்னப் பாலம் வர்ற இடம் எல்லாம் தனியா கவனிக்கணும். அங்க மண் ஓரமே இருக்காது, கட்டைக்கும் வெள்ளக் கோட்டுக்கும் நடுவுல ஒரு ஆள் கூட நிக்க முடியாது, வண்டி வந்தா ஒதுங்க இடம் கிடையாது. பாலத்துக்கு முன்னாடி நின்னு ரெண்டு பக்கமும் வெளிச்சம் இல்லன்னு பாத்துட்டு வேகமா கடந்துரணும். ஆனா நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க, அந்த கட்டைய பாத்த உடனே உக்காந்து கால ரோட்டுல நீட்டிடுவாங்க, களைப்பு அப்படி. அவங்கள குத்தம் சொல்ல மனசு வரல, ஆனா தயவுசெஞ்சு வேற எங்க வேணா உக்காருங்க, பாலத்து கட்டையில வேண்டாம். நின்னுக்கிட்டு இருக்கற லாரிக்கு பின்னாடியும் படுக்காதீங்க. டிரைவர் எந்திரிச்சு வந்து முன்னாடி இடம் இல்லன்னா ரிவர்ஸ் தான் எடுப்பாரு, பின்னாடி யாரு படுத்திருக்கான்னு அவருக்கு எப்படி தெரியும்.

தூக்கம் பத்தி சொல்லணும். ராத்திரி ரெண்டு மணியில இருந்து விடியறது வரைக்கும் தான் மோசமான நேரம். நடந்துக்கிட்டே தூங்குறவங்கள பின்னாடி இருந்து நிறைய பாத்திருக்கேன், கால் மட்டும் போகும், ஆளு கொஞ்சம் கொஞ்சமா ரோட்டு நடுவுக்கு சாயுவாரு, பேரு சொல்லிக் கூப்பிட்டா திடுக்குன்னு முழிப்பாரு. அதே நேரத்துல தான் வண்டி ஓட்டுறவனுக்கும் கண்ணு சொக்கும், அதோட பனி வேற இறங்கும். ரெண்டு பக்கமும் தூக்கம், நடுவுல பனின்னா நம்ம உஷார் எதுவும் வேலைக்கு ஆகாது. நாங்க ராத்திரி ஒரு மணிக்கு எங்க இருக்கோமோ அங்க படுத்துட்டு, பனி விலகி வெளுத்த பிறகு தான் கிளம்புறோம். ஒரு நாள் கூட ஆகும், ஆகட்டும். தைப்பூசத்தன்னைக்கே மலை ஏறிடணும்ங்கற அவசரத்துல தான் எல்லாரும் விடிய விடிய நடக்கறாங்க, அதுக்கு பதிலா வழக்கமா கிளம்புறத விட ஒரு நாள் முன்னாடியே ஊர விட்டு கிளம்பிட்டா முடிஞ்சு போச்சு.

அன்னதானம் போடுறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்க பண்றது பெரிய புண்ணியம், நீர்மோரும் சுக்குக் காப்பியும் கஞ்சியும் இல்லாம அந்த தூரம் நடக்கவே முடியாது. ஆனா பந்தல் எந்தப் பக்கம்ங்கறத யோசிங்க. கூட்டம் போறது ஒரு பக்கம், பந்தல் எதிர்ப்பக்கம் இருந்தா மைக்குல "வாங்க சாமி வாங்க சாமி"ன்னு கூப்பிட்ட உடனே பசியில இருக்கறவங்க ரோட்ட பாக்காம குறுக்கால வருவாங்க, குழந்தைங்க கைய உதறிட்டு ஓடும். நான் பயந்து போய் நின்ன இடம் எல்லாம் இந்த மாதிரி பந்தல் முன்னாடி தான், இருட்டு ரோட்டுல கூட அவ்வளவு பயந்ததில்ல. கூட்டம் வர்ற பக்கமே போடுங்க, தார்ல இருந்து நல்லா உள்ள தள்ளிப் போடுங்க, இடம் எதிர்ப்பக்கம் தான் இருக்குன்னா ரெண்டு பேர கொடியோட ரோட்டுல நிறுத்தி கடத்தி விடுங்க. ஃபோகஸ் லைட்ட ரோட்ட பாத்து வைக்காதீங்க, வண்டிக்காரனுக்கு கண்ணு இருட்டிரும். நடக்கறவங்களுக்கும் சொல்றேன், எதிர்ப்பக்கம் பாயாசமே குடுத்தாலும் போகாதீங்க, அடுத்த பந்தல் நம்ம பக்கம் நிச்சயம் வரும்.

திண்டுக்கல்ல இருந்து பழனி ரோட்டுல பாதயாத்திரைக்காகவே கல்லு பதிச்ச தனி நடைபாதை போட்டுருக்காங்க. அது எவ்வளவு பெரிய நிம்மதின்னு நத்தம் ரோட்டுல உயிர கையில பிடிச்சுக்கிட்டு வந்தவங்களுக்கு தான் தெரியும். ஆனா சீசன்ல அது மேலயே பொம்மைக் கடை, கரும்பு ஜூஸ் வண்டி, குழுவோட வேன் எல்லாம் நின்னுரும், அப்ப நடக்கறவங்க திரும்பவும் ரோட்டுல இறங்கணும். குழு வேன் வச்சிருக்கவங்க இத மாத்தலாம். எங்க சாமான் எல்லாம் குட்டியானையில வருது, அது குழு பின்னாடி ஊர்ந்து வரக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டோம், பத்து கிலோமீட்டர் முன்னாடி போய் ரோட்ட விட்டு முழுசா இறங்கி, பெட்ரோல் பங்க் பக்கமோ மண்டபத்துலயோ நிக்கும்.

ஒன்றிய போக்குவரத்து அமைச்சகத்தோட 2022 கணக்குப்படி இந்தியாவுல அந்த வருஷம் ரோட்டு விபத்துல செத்தவங்க 1,68,491 பேரு, அதுல நடந்து போனவங்க மட்டும் 32,825. அஞ்சுல ஒருத்தர்ன்னு வச்சுக்குங்க. விபத்து எண்ணிக்கையில அந்த வருஷம் தமிழ்நாடு தான் முதல் இடம். இத படிச்சுட்டு பயந்து நடக்காம இருக்கச் சொல்லல, விபத்து ஆனா என்ன பண்ணணும்னு கூட தெரிஞ்சு வச்சுக்கிட்டு போகச் சொல்றேன். யாராவது அடிபட்டா எல்லாரும் ஓடிப் போய் சுத்தி நிக்கறது தான் வழக்கம், அந்தக் கூட்டத்து மேல அடுத்த வண்டி ஏறும். முதல்ல ரெண்டு பேரு வண்டி வர்ற திசையில தூரமா போய் லைட்ட ஆட்டணும். அப்புறம் 108. கழுத்துலயோ முதுகுலயோ அடின்னு சந்தேகம் இருந்தா தூக்கி ஆட்டோவுல போடாதீங்க, தண்ணி குடுக்காதீங்க, ரத்தம் வர்ற இடத்த சுத்தமான துணியால அழுத்திப் பிடிங்க. ஒருத்தர் வண்டி நம்பர செல்லுல போட்டோ எடுக்கட்டும். காசு இல்லையேன்னு பெரிய ஆஸ்பத்திரிக்கு போக தயங்காதீங்க, 2021 டிசம்பர்ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச இன்னுயிர் காப்போம் திட்டத்துல முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம், திட்டத்துல சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலயும் உண்டு. உதவி பண்ணப் போனா போலீஸ் கேஸுன்னு இழுப்பாங்கன்னு பயப்படுறவங்களுக்கு, 2019ல மோட்டார் வாகனச் சட்டத்துல சேர்த்த 134ஏ பிரிவு உதவி செஞ்சவங்கள பாதுகாக்குது. இடிச்ச வண்டி எதுன்னே தெரியலன்னா கூட 2022 ஏப்ரல்ல இருந்து இறப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் இழப்பீடு இருக்கு, வருவாய்த் துறை அதிகாரி கிட்ட மனு குடுக்கணும், அதுக்கு எஃப்ஐஆர் காப்பி ரொம்ப முக்கியம், ஊருக்கு போய் பாத்துக்கலாம்னு எஃப்ஐஆர் போடாம வந்துராதீங்க. எல்லாரும் சட்டைப் பையில பேரு, ஊரு, ரத்த வகை, வீட்டு நம்பர் எழுதுன சீட்டு வச்சுக்குங்க, செல்லு லாக் ஆகி இருந்தா அது தான் பேசும்.

தை மாசம் அந்தப் பக்கம் கார் ஓட்டிட்டு வர்றவங்களுக்கும் ரெண்டு வார்த்தை. தூரத்துல சிவப்பு லைட் மினுக்குறத பாத்தா அது ஒத்தை சைக்கிள்னு நினைக்காதீங்க, அதுக்கு முன்னாடி முப்பது பேரு இருட்டுல போறாங்க. ஹைபீம டிம் பண்ணுங்க, எதிர்ல வண்டி வந்தா அது போற வரைக்கும் குழுவுக்கு பின்னாடியே மெதுவா வாங்க, அந்த இடத்துல ஓவர்டேக் வேண்டாம். சொந்தக்காரங்கள பாக்க வர்றீங்கன்னா அவங்க பக்கத்துலயே ஊர்ந்துக்கிட்டு ஜன்னல் வழியா பேசிட்டு வராதீங்க, முன்னாடி போய் ரோட்ட விட்டு இறக்கி நிறுத்திட்டு கூப்பிடுங்க, அவங்க நடந்து வந்துருவாங்க.